நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு

புத்தகங்கள் அச்சுக்குப் போகும் முன் மெய்ப்பு பார்த்துக் கொடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதே சாப்பாட்டு மேசை, இதே முதுகுவலி. கொலைக் கதை, துரத்தல் கதை, தன்வரலாறு, பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறு எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். "இவ்வளவு படிக்கிறீங்களே, உங்களுக்குத் தெரியாதது இருக்குமா?" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படித் தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்தச் சிவப்புப் பென்சிலைத் தொட்டிருக்க மாட்டேன்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் நான் ஒரு சீட்டு வைத்துக்கொள்வேன். 'ஆள் சீட்டு' என்று பெயர். புத்தகத்துக்குள் யார் எந்தப் பக்கத்தில் வந்தார், என்னவெல்லாம் சொன்னார், எந்தப் பக்கத்தோடு போனார் என்று குறித்துவைப்பேன். இந்தப் பழக்கம் ஒரு கொலைக் கதையால் வந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் குழாய் பழுதுபார்க்க வந்த ஆளை எழுதியவர் மறந்தே போய்விட்டார், நானும் கவனிக்கவில்லை. புத்தகம் வந்தபின், அந்த ஆள் இன்னும் குளியலறையில்தான் இருக்கிறாரா என்று கேட்டு முப்பது நாற்பது கடிதம். அதிலிருந்து எந்தப் புத்தகமானாலும் சரி, ஆள் ஒருவர் நடுவில் காணாமல் போனால் ஓரத்தில் 'இவர் என்ன ஆனார்?' என்று எழுதிவிடுவேன்.

என் வீட்டில் நானும் என் நாத்தனாரும்தான். என் வீட்டுக்காரர் போன பிறகு, "அண்ணி, உங்களைத் தனியா விட்டா நீங்க அச்சு மையைத்தான் குடிச்சிட்டு இருப்பீங்க" என்று சொல்லிப் பெட்டியோடு வந்துவிட்டாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை அவளுக்கு. அங்கே காத்திருக்கும் நோயாளிகளைவிட அதிகமாகப் புத்தகம் படிப்பவள் அவள்தான். கொலைகாரன் யார் என்று முப்பதாம் பக்கத்தில் பந்தயம் கட்டுவாள், பாதிக்குப் பாதி ஜெயிப்பாள். தன்வரலாறு மட்டும் அவளுக்குப் பிடிக்காது. "அவங்களே எழுதி அவங்களே தட்டிக் கொடுத்துக்கறது" என்பாள்.

போன வருஷம் என்னிடம் வந்தது ஒரு பெயின்ட் கம்பெனி முதலாளியின் தன்வரலாறு. நானூற்றுச் சொச்சம் பக்கம். ஒற்றை அறையில் டப்பா டப்பாவாகக் கலக்கி விற்றவர், இன்றைக்கு ஊரில் பாதிச் சுவர் அவருடைய வண்ணம். சுமாராக எழுதியிருந்தார். வீட்டு நாய் செத்ததற்கே ஒன்றரைப் பக்கம் அழுதிருந்தார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு டைப்பிஸ்ட் வருகிறாள். ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் வேலைக்குச் சேர்கிறாள். எந்தக் கடிதம் எந்த அலமாரியில் என்று அவளுக்குத்தான் தெரியும், மழை வந்தால் முதலாளிக்குக் குடை கொண்டுவருவாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சின்னச் சின்ன விஷயமாகப் பதினொரு இடத்தில் வருகிறாள். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், பெயின்டுக்கு வேண்டிய வெள்ளைக்கல் எடுக்கும் குவாரியைப் பார்க்க முதலாளியும் அவளும் போகிறார்கள். குவாரியில் தண்ணீர் நிரம்பி, வானம் அதில் தெரிகிறது. அவ்வளவுதான். நூற்று நாற்பத்து நாலில் புது ஆலைக்குப் பூட்டு வாங்குகிறார். நூற்று ஐம்பத்தொன்றில் 'புதிதாக வந்த டைப்பிஸ்ட்' ஒருத்தி வேகமாகத் தட்டுகிறாள்.

நாய்க்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்த மனிதர் இவளுக்கு ஒரு வரி கொடுக்கவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது, வேறொன்றும் தோன்றவில்லை. பழக்க தோஷத்தில் ஓரத்தில் எழுதினேன்: '143-க்குப் பிறகு டைப்பிஸ்ட் இல்லை. கடைசியாகக் குவாரிக்கு உங்களோடு போனவர் திரும்பி வந்தாரா? என்ன ஆனார்?'

என் கேள்விகளைப் பதிப்பகத்து மேனேஜர் அம்மா முதலில் பார்த்து, வேண்டியதை மட்டும் பதமாக எழுதி ஆசிரியருக்கு அனுப்புவார். அதுதான் முறை. இந்த முறை முதலாளிக்கு அவசரம். மேனேஜரிடம் சொல்லிவிட்டு, தன் டிரைவரை நேராக என் வீட்டுக்கே அனுப்பி மெய்ப்புத் தாள் கட்டை வாங்கிக்கொண்டுவிட்டார்.

மறுநாள் போன் வந்தது. மெதுவான, இனிமையான குரல்.

"ரொம்ப நல்லாப் படிச்சிருக்கீங்கம்மா. இத்தனை பேர் பார்த்தாங்க, யாரும் இதைக் கேக்கல. வேற யாராவது கவனிச்சாங்களா?"

"இல்லங்க ஐயா, நான் மட்டும்தான் பார்த்தேன்."

"வீட்ல யாரும் இருக்காங்களா, வேலைக்கு உதவியா?"

"நாத்தனார் இருக்கா. பகல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிடுவா."

சாயங்காலம் இதைச் சொன்னதும் நாத்தனார் கையில் இருந்த செருப்பைக் கீழே போட்டாள்.

"அண்ணி! உங்களுக்கு மூளை இருக்கா? நான் மட்டும்தான் பார்த்தேன், பகல்ல தனியாத்தான் இருப்பேன்னா சொன்னீங்க? எந்தக் கதையிலயாவது இதைச் சொன்னவ அடுத்த அத்தியாயத்துல இருந்திருக்காளா?"

"இது கதையில்லடி. மனுஷன் எதையோ மறந்திருப்பார், அவ்வளவுதான்."

"தன் கதையை எழுதறவன் மறக்கணும்னு நினைக்கறதைச் சுத்திச் சுத்தித்தான் வருவான், நீங்களே சொல்வீங்க. பதினொரு இடம் அண்ணி. குடை, சிரிப்பு எல்லாம் ஞாபகம் இருக்கு. எங்க போனாங்கறது மட்டும் ஞாபகம் இல்லையா?"

அந்த நிமிஷம்தான் எனக்குப் பயம் வந்தது. இத்தனை வருஷம் கொலைக் கதையில் வந்த பயமெல்லாம் பயமே இல்லை. அதைப் படிக்கும்போது இன்னும் எத்தனை பக்கம் பாக்கி என்று விரல் சொல்லிவிடும்.

இரண்டு நாள் கழித்துக் காலை பதினொரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் முதலாளி. எழுபது வயதுக்கு நிமிர்ந்த உடம்பு, தேய்த்த சட்டை, கையில் ஒரே ஒரு தாள். "மேனேஜர்கிட்ட விலாசம் வாங்கினேன். அஞ்சு நிமிஷம்தான்மா" என்றார். உள்ளே வந்து, நான் உட்காரும் நாற்காலிக்கு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்குக் கதவைச் சாத்துவதா திறந்தே வைப்பதா என்று தெரியவில்லை. பாதி திறந்து வைத்தேன்.

"உங்க கேள்வி நியாயமானது. ஒரு பத்தி எழுதிக் கொண்டு வந்திருக்கேன். நூத்தி நாப்பத்தி நாலுல சேர்த்துடலாம். எங்கயாவது இடிக்குதான்னு பார்த்துச் சொல்லுங்க. உங்களைவிட நல்லாப் பார்க்க ஆளே இல்லன்னு சொல்றாங்க."

படித்தேன். 'அந்த வாரமே எங்கள் டைப்பிஸ்டின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து வந்து அவரைத் தன்னோடு அழைத்துச் சென்றுவிட்டார். நாங்கள் அனைவரும் மாலை போட்டு வழியனுப்பினோம். அவர் அங்கே நன்றாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.'

நல்ல பத்தி. ஆனால் அறுபத்தொன்றாம் பக்கம் எனக்கு ஞாபகம் இருந்தது. அதில் அவள் விடுமுறையே எடுக்க மாட்டாள் என்று இவரே மெச்சி எழுதியிருக்கிறார். 'அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவங்களும் இல்லை சார், லீவு போட்டு யாரைப் பார்க்கப் போறேன்' என்று அவள் சொன்னாளாம். இப்போது எங்கிருந்து வந்தான் அண்ணன்?

அந்தப் புத்தகத்தின் ஆள் சீட்டு அவர் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. 'டைப்பிஸ்ட், பக். 61, கூடப் பிறந்தவர் இல்லை' என்று என் கையெழுத்து பளிச்சென்று தெரிந்தது. நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து, டம்ளரை அந்தச் சீட்டின் மேலேயே வைத்தேன். கொஞ்சம் தளும்பியது. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடிக்குதாம்மா?"

சொன்னால் என்ன ஆகும்? அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரியை எடுத்துவிடுவார். பொய் வழுவழுவென்று ஆகிவிடும். அதைத் தேய்த்துக் கொடுத்தவள் நானாக இருப்பேன். சொல்லாமல் விட்டால் அந்த விரிசல் அப்படியே அச்சாகும், என்றைக்காவது ஒருவர் கண்ணில் படும். நாத்தனாரிடம் பிறகு இப்படித்தான் சொன்னேன், ஏதோ திட்டம் போட்டுச் செய்த மாதிரி. உண்மை அது இல்லை. அவர் எழுந்து வெளியே போனால் போதும் என்று இருந்தது.

"எங்கயும் இடிக்கல ஐயா."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அப்ப கையெழுத்துப் போட்டுடுங்க."

தாளின் அடியில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலையில் தெரிந்தே விட்ட முதல் பிழை அது. தண்ணீரை அவர் தொடவே இல்லை.

புத்தகம் வந்தது. விழா, மாலை, பேச்சு. நான் போகவில்லை. மூன்று மாதம் போன் மணி அடித்தாலே எனக்குத் தூக்கிவாரிப்போடும். நாத்தனார் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் வைத்தாள். "போலீஸுக்குப் போலாம் அண்ணி" என்பாள். என்னத்தைச் சொல்வது, ஒரு புத்தகத்தில் ஆள் குறைகிறது என்றா? சிரிப்பார்கள் என்று தட்டிக் கழித்தேன். சிரிப்புக்குப் பயந்ததாகச் சொல்லிக்கொண்டேன். பயந்தது அவருக்குத்தான்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை மேனேஜர் அம்மா கூப்பிட்டார்.

"என்னம்மா, உங்க கண்ணுக்கே தப்பிச்சிருக்கு! ஒரு வாசகி எழுதியிருக்காங்க. அறுபத்தி ஒண்ணும் நூத்தி நாப்பத்தி நாலும் இடிக்குதாம். அந்த டைப்பிஸ்ட் கூட ஒரே அறையில இருந்தவங்களாம் இவங்க, அவளுக்கு அண்ணனே கிடையாதாம். குவாரிக்குப் போறேன்னு கிளம்பினவ திரும்பவே இல்லையாம். ஆபீஸ்ல கேட்டா, வேலையை விட்டுப் போயிட்டாங்கன்னாங்களாம்."

"அந்தக் கடிதம் எங்க?"

"எங்கயா? ஆசிரியருக்கு அனுப்பிட்டேன். வாசகர் கடிதம் எல்லாம் அவங்கவங்களுக்குத்தானே அனுப்புவோம்? வியாழக்கிழமையே போயிருக்கும்."

"விலாசத்தோடயா?"

"விலாசம் இல்லாம எப்படிப் பதில் போடுவாரு?"

நான் விட்ட விரிசலில் ஒருவர் கண் பட்டுவிட்டது. படவேண்டும் என்றுதானே விட்டேன் என்று மூன்று மாதமாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். படுகிற கண்ணுக்கு ஒரு வீடும் வாசலும் இருக்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. மேனேஜரின் பதிவேட்டிலிருந்து விலாசத்தை எழுதி வாங்கினேன். நாத்தனாரை ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே இழுத்துக்கொண்டு டாக்சி பிடித்தேன்.

ஓய்வுபெற்ற நர்ஸ் அந்த அம்மா. அறுபது வயசு இருக்கும், ஒல்லியாக, வெடுக்கென்ற பார்வை. இரண்டாவது மாடியில் ஒரு அறையும் சமையல் மேடையும். கதவைத் திறந்தபோது உயிரோடு இருக்கிறார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க, உள்ள வாங்க" என்றார், எங்களைப் பார்த்து. "புத்தகக்காரங்களா? நேத்துதான் முதலாளி வந்துட்டுப் போனார்."

"வந்தாரா?" என்றாள் நாத்தனார்.

"அந்த நாற்காலியிலதான் உட்கார்ந்தார். தப்பா எழுதிட்டேன்மா, வயசாயிடுச்சுன்னார். அவ கடைசியா நின்ன இடத்தை எனக்குக் காட்டறாராம். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வரேன்னிருக்கார்."

நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். ஓரத்துக் கேள்வி, என் வீட்டுக்கு வந்தது, அண்ணன் பத்தி, நான் போட்ட கையெழுத்து. "நீங்க போகக் கூடாதுக்கா. அந்த ஆள்தான் ஏதோ பண்ணியிருக்கார்."

நர்ஸம்மா என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நீ புத்தகத்துல படிச்சு மூணு மாசமாத் தெரிஞ்சுக்கிட்டதை நான் முப்பத்தி நாலு வருஷமாத் தெரிஞ்சு வெச்சிருக்கேன்மா. போலீஸுக்கு நாலு தடவை போனேன். நீ என்ன உறவுன்னு கேட்டாங்க. அறையில கூட இருந்தவன்னு சொன்னா எழுதிக்கவே மாட்டேன்னுட்டாங்க. அவ எங்க இருக்கான்னு அந்த ஆளைத் தவிர யாருக்குத் தெரியும்? காட்டறேன்னு அவனே வரான். போகாம இருப்பேனா?"

"போங்கக்கா, ஆனா போலீஸோட போங்க" என்றாள் நாத்தனார். அன்று சாயங்காலமே மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அதிகாரி முதலில் சிரிக்கத்தான் செய்தார். இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்து, ஆள் சீட்டையும் காட்டி, நாத்தனார் போட்ட போடில் சிரிப்பு நின்றது. பழைய பதிவேட்டை எடுக்கச் சொன்னார். நர்ஸம்மா நாலு முறை வந்ததில் ஒரு முறைக்கு ஒரே ஒரு வரி இருந்தது. "அவர் தானா இடத்தைக் காட்டினாத்தான் உண்டு" என்றார் அதிகாரி. "உங்க தெரு மருந்துக் கடை மூலையில சாம்பல் நிற வேன் நிக்கும். பின்னாலயே வரோம். தைரியமாப் போங்க."

"தனியாவா அனுப்பறீங்க?" என்றேன்.

"கூட யாராவது போறீங்களா?"

நான் தைரியசாலி கிடையாது. படியில் பல்லி இருந்தால் திரும்பிப் போகிறவள். ஆனால் அந்தம்மா முகவரி அந்த ஆள் கைக்குப் போனது என்னால். "நான் போறேன்" என்று சொன்னது என் வாய்தானா என்று நாத்தனாரே திரும்பிப் பார்த்தாள். அவள் போலீஸ் வேனில் வருவது என்று முடிவாயிற்று. என் போனில் அவளைக் கூப்பிட்டு, துண்டிக்காமல், பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும்.

மறுநாள் ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்க, நர்ஸம்மா வீட்டு வாசலில் நின்றோம். மருந்துக் கடை மூலையில் வேன் இல்லை. கார் வந்து நின்றது. அன்றைக்கு டிரைவர் ஓட்டிவந்த கார்தான், இன்று முதலாளியே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"நீங்களுமா? சரி, ஏறுங்க."

நர்ஸம்மா ஏறினார். நான் ஏறினேன். கதவு நான்கும் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டன.

போலீஸ் வந்தது, வராமல் இல்லை. வழியில் வேன் டயர் பஞ்சர், வேறு வண்டி மாற்றிக்கொண்டு, குவாரி மேட்டில் நாங்கள் இறங்கும்போது பிடித்துவிட்டார்கள். நாத்தனார்தான் முதலில் குதித்து ஓடி வந்தாள். அது நாற்பது நிமிஷம் கழித்து. அந்த நாற்பது நிமிஷமும் பின்னால் சாலை காலியாக இருந்தது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"அன்னைக்குக் கவனிக்காமதான் விட்டீங்களாம்மா?" என்று ஒருமுறை கேட்டார்.

"இல்ல ஐயா. தெரிஞ்சுதான் விட்டேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வேகம் கொஞ்சம் கூடியது.

ஊர் தாண்டி மண் பாதையில் திரும்பியபோது நர்ஸம்மா முன்னால் குனிந்து, நோயாளியிடம் கேட்பது மாதிரிச் சாதாரணமாகக் கேட்டார்.

"அவளுக்கு நீச்சல் தெரியாது ஐயா. உங்களுக்குத் தெரியுமா அது?"

என் பைக்குள் போன் சூடாக இருந்தது. எங்கோ ஒரு சாலையில் பஞ்சரான வண்டிக்குப் பக்கத்தில் நாத்தனாரும் அந்த அதிகாரியும் அதைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. முதலாளியின் இரண்டு கையும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன.

"தெரியும்" என்றார். "கத்தும்போது சொன்னா."

நர்ஸம்மா சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.